அஞ்சலைக்கு எந்தக் கடை?

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஆற்றோரமாக ஒரு சின்னப் பட்டணம். பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வந்துவிடுவார்கள். அங்கே கூரை போட்ட சாப்பாட்டு அங்காடி ஒன்று உண்டு. யாருக்கும் மனக்குறை வரக் கூடாது என்று அதன் குழு ஓர் ஏற்பாடு செய்தது. மலாய்க்காரர்களுக்கு இத்தனை கடை, சீனர்களுக்கு இத்தனை, இந்தியர்களுக்கு இத்தனை. ஒரு கடை காலியானால் அதே இனத்தவருக்குத்தான் கொடுக்க வேண்டும். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் எந்த இனம் என்று எதை வைத்து முடிவு செய்வது என்பதை மட்டும் சொல்லிவைக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவு புத்திசாலிகள்!

அந்த அங்காடிக்கு வெளியே சாலையோரத்தில் குடை விரித்துத் தோசை சுட்டுக்கொண்டிருந்தவள் அஞ்சலை. அவள் பிறந்தது சீனர் வீட்டில். பிள்ளை பிறந்த நேரம் குடும்பத்துக்கு ஆகாது என்று சோசியக்காரன் சொல்லிவிட, தொப்புள்கொடி காய்வதற்குள் அவளைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழ்த் தம்பதிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே அது நடக்கிற காரியம்தான். வளர்த்தவர்கள் அஞ்சலை என்று பெயர் வைத்தார்கள், காது குத்தினார்கள், மஞ்சள் நீராட்டினார்கள், முனியாண்டி என்ற லாரி ஓட்டுநருக்குக் கட்டியும் வைத்தார்கள். அவளுக்குச் சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாது. கோபம் வந்தால் அவள் திட்டுகிற தமிழைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்வீர்கள். பிறப்புப் பத்திரத்தில் மட்டும் பழையபடி ‘சீனர்’ என்றே இருந்தது.

முனியாண்டி லாரியிலிருந்து விழுந்து, முதுகெலும்பு முறிந்து படுத்துவிட்டான். அதன் பிறகு தோசைக்கல்லை நம்பித்தான் குடும்பம். அந்த நேரம் பார்த்துச் சாலையோரக் கடைகளை எல்லாம் எடுக்கப் போவதாக நகராண்மைக் கழகம் அறிவித்தது. அங்காடிக்குள் இடம் கிடைக்காவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

முதலில் காலியானது ஒரு சீனர் கடை. அஞ்சலை பிறப்புப் பத்திரத்தோடு போய்க் கேட்டாள். குழுத் தலைவர் நாகலிங்கம் பத்திரத்தைப் பார்த்தார், அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“காகிதத்த யாரும்மா பாக்கப்போறா? நீ பேசுறது தமிழு, கும்பிடுறது மாரியம்மா. ஒன்னப் போயி எவன் சீனப் பொம்பளன்னு சொல்லுவான்? இந்தியர் கடை காலியாகட்டும், வா.”

குழுவில் இருந்த மற்ற இருவர், காப்பிக்கடைக்காரர் லிம்மும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஹமிடாவும், சரி என்று தலையாட்டினார்கள். கடை வேறொருவருக்குப் போயிற்று. அஞ்சலைக்கு அதில் வருத்தம்கூட இல்லை. தன்னை நம்ம ஆள் என்று சொல்லிவிட்டார்களே என்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனாள், பாவம்.

சில மாதங்களில் இந்தியர் கடை ஒன்று காலியாயிற்று. அஞ்சலை போய் நின்றாள். கூடவே ஆல்பர்ட் சேகரன் என்ற இளைஞனும் வந்து நின்றான். அவன் அப்பா தமிழர், அம்மா சீனர். அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். வளர்ந்ததெல்லாம் அம்மாவின் வீட்டாரோடு. வீட்டில் பேசுவது சீனம், விற்பது மீன் உருண்டை போட்ட மீ என்கிற சீன நூடுல்ஸ். பிறப்புப் பத்திரத்தில் ‘இந்தியர்’. அவனும் சாலையோரக் கடைக்காரன்தான். இதற்கு முன் அங்காடியில் எந்தக் கடையும் கேட்டு வராதவன். நல்ல பையன், யாரையும் ஏமாற்ற வரவில்லை.

“அப்பா எனக்கு விட்டுப்போனது இந்தப் பெயர் ஒன்றுதான், அங்கிள்” என்று மலாயில் சொன்னான். “அதுவும் செல்லாது என்றால் நான் எங்கே போவது?”

நாகலிங்கம் இந்த முறை சிரிக்கவில்லை. “ஆளுக்கொரு நியாயம் பேச முடியாது. பத்திரம் என்ன சொல்கிறதோ அதுதான். கடை சேகரனுக்கு” என்றார்.

ஹமிடா ஒத்துக்கொள்ளவில்லை. “இந்தியர் கடைக்கு ஜனங்கள் தேடி வருவது தோசைக்கு. அங்கே மீ விற்றால் யார் வருவார்கள்? கடை அஞ்சலைக்கு” என்றார்.

லிம்முக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. “ரெண்டு பேரும் பாதிப் பாதி. சீட்டுக் குலுக்கிப் போடுவோம்” என்றார்.

அதைக் கேட்டதும் அஞ்சலைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாகலிங்கத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்:

“அண்ணே, நான் பாதியும் இல்ல, முக்காலும் இல்ல. அன்னிக்கு நீங்கதானே என்னத் தமிழச்சின்னீங்க? இன்னிக்கு நீங்களே சீனச்சிங்கிறீங்க. நான் எதுவா வேணா இருந்துட்டுப் போறேன். எங்க போயி நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க!”

சொல்லிவிட்டு அழுதாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பத்திரத்தைப் பார் என்கிறார் நாகலிங்கம், சாப்பாட்டைப் பார் என்கிறார் ஹமிடா, சீட்டுப் போடு என்கிறார் லிம். இதில் யார் சொன்னது நியாயம்? கடை யாருக்கு?

விடை: கடை அஞ்சலைக்கு, ஆனால் மூவர் சொன்ன வழியும் நியாயம் இல்லை. தோசை சுட்டால் இந்தியர் என்றால், நாளைக்கு லிம்மே மாவு கரைத்துக்கொண்டு வந்து நிற்கலாம். சீட்டு என்பது உரிமை சரிசமமாக இருப்பவர்களுக்கு. சேகரனுக்கு அங்காடி இதுவரை எதையும் மறுக்கவில்லை, அஞ்சலைக்கு மறுத்திருக்கிறது. பத்திரம்தான் கணக்கு என்றால் அந்தச் சீனர் கடையை அன்றே அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அவள் உண்மையில் யார் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. குழுவே அவளை இந்தியர் என்று சொல்லித்தான் ஒரு கடையைப் பிடுங்கியது. அந்தப் பெயரால் நஷ்டப்பட்டவளுக்கே அந்தப் பெயரால் வருகிற கடை. பேச்சையும் வாழ்க்கையையும் வைத்து அஞ்சலை இந்தியர் என்றால், அதே கணக்கில் சேகரன் அடுத்துக் காலியாகும் சீனர் கடையைக் கேட்கட்டும். அன்றைக்கு நாகலிங்கம் மறுபடி பத்திரத்தைத் தூக்கினால், அவரைச் சும்மா விடாதீர்கள்.