அனுமார் மணையில் உட்கார்ந்தவர்

நம்ம பாட்டனுக்குப் பாட்டன் பிறக்கும் முன்னே, மஞ்சனூர்ச் சீமையைச் சித்திரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி.

ஒரு பங்குனியில் அரண்மனை மண்டபத்தில் நாற்பது நாள் ராமகதை வைத்தான். சொன்னவர் அழகப்பிரான் பாகவதர். அவர் குரல் எழும்பினால் போதும், சாம்பிராணிப் புகையும் குளத்துக் காற்றுமாகச் சேர்ந்து, தரையில் உட்கார்ந்திருப்பதே கேட்கிறவர்களுக்கு மறந்து போகும். மந்திரி திருமலைக்கொழுந்து கண்ணை மூடினால் சரயு நதி ஓடுகிற சத்தம் காதில் விழும். பாகவதருக்கு எதிரே கோலமிட்ட ஒரு மணைப்பலகை மட்டும் காலியாக இருக்கும். ராமன் கதை நடக்கிற இடத்துக்கெல்லாம் அனுமார் வந்து கேட்பாராமே, அவருக்குப் போட்ட இடம் அது.

முப்பத்தொன்பதாம் நாள் ராஜாவுக்கு ஒரு கனவு. தானே ராமனாகச் சிம்மாசனத்தில் வீற்றிருக்கிறானாம், காலடியில் அனுமாராம். விழித்தவன் நேரே சபைக்கு வந்தான்.

"நாளைக்குப் பட்டாபிஷேகம். அந்த மணை இனிமேல் சும்மா கிடக்க வேண்டாம். என் சேவகர்களில் சிறந்தவர் அதில் உட்காரட்டும்!"

உத்தண்டராயர் துள்ளி எழுந்தார். அரண்மனை நிர்வாகம் பார்க்கிறவர். மந்திரியின் முத்திரை மோதிரத்தின் மேல் பத்து வருஷமாகக் கண். "மகாராஜா தும்மினால் எனக்கு ஜலதோஷம் பிடிக்கும். என்னை விட்டால் யார்?"

"சபாஷ்! நீரேதான்."

பாகவதர் எழுந்து கும்பிட்டார். "மன்னிக்கணும் மகாராஜா. அதில் ஒரு மனுஷர் உட்கார்ந்தால் என் வாயில் கதை வராது."

"வராதா? அப்படியானால் நாளை அஸ்தமிப்பதற்குள் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிவிடும்!"

மந்திரி யோசித்தார். பிள்ளைகுட்டியோடு இந்த மனுஷர் எங்கே போவார்? பதினாலு வருஷம் காட்டில் கிடந்து வந்த ராமனுக்கும் முடிசூட்டாமலே கதை நின்றுபோகுமே! பாகவதரைத் தனியே அழைத்துப்போனார்.

"சுவாமி, நாளைக்குக் கொஞ்சநேரம் பொறுத்துக்கொள்ளும். ராயர் தானாக இறங்குவார்."

"இறங்காவிட்டால்?"

"உம்மோடு நானும் மூட்டை கட்டுகிறேன்."

மறுநாள் ராயர் சரிகை வேட்டி சரசரக்க வந்து, மணையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கோலம் முழுக்க வேட்டிக்கு அடியில் போயிற்று. மந்திரி கைகட்டி நின்றார்.

"மகாராஜா, முடிசூடிய அன்று ராமபிரான் அனுமாரைப் பார்த்து, 'உனக்கு என்னப்பா வேண்டும்?' என்று கேட்டார் அல்லவா? தாங்களும் கேட்க வேண்டாமா?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "ஆமாம்! கேளும் ராயரே, என்ன வேண்டும்? எதுவானாலும் தருகிறேன்."

ராயருக்குத் தலைகால் புரியவில்லை. "மந்திரியாரின் மோதிரம், மகாராஜா!"

மந்திரி ராஜாவின் வாயையே பார்த்தார். ராஜா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் போச்சு. அதற்குள் பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் மண்டபமே சிரித்தது.

"என்ன இளிப்பு?" என்று சீறினார் ராயர்.

"ஒன்றுமில்லை. அனுமார் அன்று என்ன கேட்டார் என்று சொல்லுமேன்" என்றார் மந்திரி.

"அது... ஏதாவது ஒரு நாட்டைக் கேட்டிருப்பார்."

பாவம், நாற்பது நாளும் அவர் பார்த்தது ராஜாவின் முகத்தை. கதை எங்கே காதில் ஏறிற்று? தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிற பொன்னுருவிதான் பதில் சொன்னாள்.

"முதல் நாளே பாகவதர் சாமி சொன்னாங்களே! 'உன் கதை நடக்கிற இடத்துல ஒரு ஓரமா இருந்து கேட்டுக்கிட்டே இருக்கணும், அது போதும்'னு கேட்டாராம். அதுக்குத்தானுங்களே இந்தப் பலகையே போடுறது!"

"அந்த வரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு மோதிரம் கேட்கிறீரே, ராயரே!" என்றார் மந்திரி.

ராயர் எழுந்த வேகத்தில் வேட்டி தடுக்கியது. ராஜாவும் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று அடங்கிப்போனான். முதல் நாள் தானும் அங்கேதான் இருந்தான். தனக்கும் அது நினைவில்லை. வெட்கமாக இருந்தது.

"ராயரே, கோலத்தை அழித்தவர் நீர். நீரே போடும்."

ராயர் போட்ட கோலம் நாலு பக்கமும் கோணிக்கொண்டு போனது. ராஜா தன் பட்டுச் சால்வையை எடுத்துப் பாகவதர் தோளில் போர்த்தினான். "நேற்றுச் சொன்னதை மறந்துவிடும் சுவாமி. இந்த ஊர் உம்முடையது." மந்திரிக்குப் பொன் தட்டு வருமென்று எல்லோரும் பார்த்தார்கள். ராஜாவோ சிம்மாசனத்தை விட்டிறங்கி, வெறுந்தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினான். "இங்கே வாரும், என்னோடு இரும்."

பாகவதர் தொடங்கினார். அயோத்தியில் விளக்கேற்றினார்கள். பரதன் குடை பிடித்தான். குளத்துப் பக்கமிருந்து காற்று வந்து திரைச்சீலையை மெல்லத் தூக்கியது. ராஜாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது; மந்திரியின் காதருகே குனிந்தான்.

"அவர் வந்துவிட்டாரா ஓய்?"

"அவர் வந்து நாற்பது நாள் ஆயிற்று, மகாராஜா. நாம்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்."