கரடிப் பேச்சில் நாலு சொல்

ஒரு காட்டில், ஆற்றங்கரை மருத மரங்களுக்குக் கீழே வாரம் ஒரு நாள் சந்தை கூடும், கண்ணுகளா. மலையிலிருந்து கரடிகள் இறங்கி வரும். புதரிலிருந்து முள்ளம்பன்றிகள் வரும். புல்வெளியிலிருந்து மான்கள் வரும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பேச்சு.

அங்கே தும்பை என்ற முயல் பழக்கடை போட்டிருந்தாள். கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். யாராவது கடைப் பக்கம் திரும்பினாலே கூடைக்குப் பின்னால் போய்விடுவாள். முயல் பேச்சு தவிர வேறு பேச்சும் தெரியாது.

எதிர்க்கடை மரகதம் என்ற கிளியுடையது. பெருமைக்காரி. எல்லாப் பேச்சிலும் மளமளவென்று கூவுவாள்.

சந்தையில் ஒரு சட்டம் இருந்தது. தொடர்ந்து மூன்று சந்தை ஒருவரும் வாங்காத கடை இடத்தைக் காலி செய்ய வேண்டும். இரண்டு சந்தை தும்பையின் கூடை நிறைந்தபடியே வளைக்குத் திரும்பியது.

எல்லார் பேச்சும் தெரிந்த சந்தை மணியக்காரர் ஆமை வந்து நின்றார். "அடுத்த சந்தைதான் கடைசி, தாயி. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எதுக்கு மாமா இழுக்கிறீங்க? இப்பவே அந்த இடத்தை எனக்குக் கொடுத்திடுங்க. அவளுக்குத்தான் வாயில கொழுக்கட்டையாச்சே!" என்றாள் மரகதம்.

தும்பைக்கு நாலு குட்டிகள். மழைக்காலம் வேறு நெருங்கியது. பழத்தைக் கொடுத்துக் கிழங்கு வாங்கிச் சேர்த்தால்தான் குட்டிகள் பிழைக்கும்.

"வெட்கப்பட்டா வயிறு நிறையுமா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே கரடிகள் தண்ணீர் குடிக்கும் துறைக்குப் போனாள். நாணலுக்குள் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு கரடி இன்னொன்றை எப்படி அழைக்கிறது, எப்படி விசாரிக்கிறது என்று கேட்டாள். ஒரு வாரத்தில் நாலே சொல் கிடைத்தது. வாங்க. யாருக்கு? என்ன ஆச்சு? போதுமா?

வளையில் அவற்றைச் சொல்லிப் பார்த்தாள். குட்டிகள் உருண்டு உருண்டு சிரித்தன.

"அம்மா, தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சா?"

"சிரிங்க, சிரிங்க. சிரிச்சு முடிச்சதும் நீங்களும் சொல்லுங்க" என்றாள் தும்பை.

மூன்றாம் சந்தை வந்தது. வெயில் சாயும்வரை அவள் கடையில் ஒருவரும் வாங்கவில்லை. அப்போது வாடிய முகத்தோடு ஒரு கரடி வந்தார்.

மரகதம் சுத்தமான கரடிப் பேச்சில் கூவினாள். "வருக கரடியாரே! நலமா? விளாம்பழம் புதுசு!"

"நலமில்லம்மா. என் பொஞ்சாதியைத் தேனீ கொட்டிடுச்சு. வாய் வீங்கி மூணு நாளாப் பட்டினி கிடக்கிறா."

"வருக கரடியாரே! நலமா? விளாம்பழம் புதுசு!"

"அதான் நலமில்லைன்னு சொல்றேனே!"

"ஓட்டை உடைச்சா கமகமக்கும்! நலமா?"

மரகதம் கூவ மட்டுந்தான் கற்றிருந்தாள். கரடி காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார்.

தும்பை கூடையைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"வா... வாங்க" என்றாள் கரடிப் பேச்சில்.

கரடி குனிந்து பார்த்தார். "யாரது?"

"யாருக்கு? என்ன ஆச்சு?"

கரடி மடை திறந்தாற்போல் எல்லாவற்றையும் கொட்டினார். தும்பைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஓடவில்லை அவள். காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன ஆச்சு?" என்று மறுபடியும் கேட்டாள்.

இப்போது கரடி தன் கன்னத்தை உப்பவைத்துக் காட்டினார். தேனீயைப் போல் ரீங்கரித்தார். எதையோ கடிப்பதுபோல் பாவனை செய்து, "ஆ!" என்று அலறினார்.

தும்பைக்குப் புரிந்துவிட்டது. கெட்டியான கொய்யாக்களை ஒதுக்கினாள். கனிந்து வெடித்த சீத்தாப்பழமாகப் பார்த்து எடுத்தாள். கொட்டைகளை ஒவ்வொன்றாக நீக்கி, சதையை மட்டும் இலைத் தொன்னையில் வழித்து நீட்டினாள்.

"போதுமா?"

கரடிக்குக் கண் கலங்கியது. "போதும் தங்கச்சி! உன் கரடிப் பேச்சைச் சொல்லிக் காட்டினா, என் பொஞ்சாதி வலியிலயும் சிரிப்பா!"

அவர் சொன்னதில் ஒரு சொல்தான் அவளுக்குப் புரிந்தது. சிரித்தது முழுசாகப் புரிந்தது. கரடி தன் தோள்பையை அப்படியே கவிழ்த்தார். கூடையில் மலைக்கிழங்குகள் உருண்டன.

"மாமா! அவ பேசினது அத்தனையும் தப்பு! இது செல்லாது!" என்று கத்தினாள் மரகதம்.

"தப்புதான்" என்றார் ஆமை. "ஆனா பழம் போயிருச்சே, கிழங்கு வந்திருச்சே."

சொல்லிவிட்டு, தும்பையின் கடையைச் சுற்றி நகத்தால் மெள்ளக் கோடு கிழிக்கத் தொடங்கினார். இனி அந்த இடம் அவளுடையது.

தும்பை அதைப் பார்க்கவில்லை. கடை முன்னால் ஒரு முள்ளம்பன்றி வந்து நின்று ஏதோ கேட்டது. அந்தப் பேச்சில் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. இரண்டு காதையும் நிமிர்த்திக்கொண்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நீதி: வாடிக்கையாளர் பேச்சில் நாலு சொல் தெரிந்தாலும் போதும், அவர் சொல்லும் பதிலைக் காது கொடுத்துக் கேட்பவர் கடைதான் நிலைக்கும்.