பாதியில் நின்ற எழுத்து

மியூசியத்தில் யூதர்களின் வழிபாட்டுப் பொருள்களுக்கென்று ஒரு அறை இருந்தது. வெள்ளிக் கிண்ணங்கள், மணி தொங்கும் கிரீடங்கள். கடைசியில், கண்ணாடிக்குள் நீளமாக ஒரு துணி.

ரபி எல்கானா நேராக அந்தத் துணியிடம் போனார். பின்னாலேயே அவருடைய சீடன் அசாயேல். அவன் கையில் ஒரு பொட்டலம்.

அந்த ஊர் யூதர்களிடம் ஒரு வழக்கம். எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது பிள்ளையைச் சுற்றிய துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ஒன்றாக இணைத்து, அம்மா அதில் பிள்ளையின் பெயரையும் ஆசீர்வாதத்தையும் நூலால் தைப்பாள். மூன்று வயதில் பையன் அதை ஜெபஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். வேதச்சுருளைச் சுற்றி அதைக் கட்டுவார்கள்.

அசாயேலின் மகன் ஐந்தாம் மாதமே இறந்துபோனான். அவன் மனைவி பெனினா பெயர் வரைக்கும்தான் தைத்திருந்தாள்.

"இதை இங்கேயே கொடுத்துடறேன் ரபி. வீட்டுல இருந்தா பெனினா எடுத்து எடுத்து மோந்து பார்க்கிறா. ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குறா."

"கொடுக்கலாம். முதல்ல இதைப் பாரு."

கண்ணாடிக்குள் இருந்த துணியில் ஒரு பெயர் இருந்தது. அதன் பிறகு 'இவன் வளர்ந்து' என்று இருந்தது. அப்புறம் ஊசியே படாத வெறும் துணி. கீழே அட்டையில் 'முடிக்கப்படாதது, பயன்படுத்தப்படாதது' என்று அச்சடித்திருந்தார்கள்.

"இந்தப் பையனும் வளரலையா ரபி?"

"தெரியாது. அம்மா ஊசியைக் கீழ வச்சுட்டா. அது மட்டும்தான் தெரியுது."

ரபி இன்னும் கிட்டத்தில் குனிந்தார்.

"பெரியவரே, கண்ணாடியைத் தொடாதீங்க" என்றான் காவலாளி.

"நான் எங்கே தொட்டேன்ப்பா? என் மூக்குதான் தொட்டுது. அசாயேல், அந்த மடிப்பைப் பாரு."

துணி முழுக்க ஒரே அளவு இடைவெளியில் கோடு கோடாகத் தேய்ந்திருந்தது. வெறும் துணியிலும் அதே தேய்மானம். சுருளில் துணி சுற்றுவது அசாயேலின் வேலை. அவனுக்கு அந்தத் தடம் தெரியும்.

"இதையும் சுருள்ல கட்டியிருக்காங்க" என்றான். "ரொம்ப வருஷம் கட்டியிருக்காங்க."

"ம்."

"ஆனா ரபி, பையன்தானே கொண்டுவந்து கொடுக்கணும்? என் பையன் எப்படி நடந்து வருவான்?"

ரபி பொட்டலத்தை வாங்கினார். பிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பச்சைப் பிள்ளையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மூணு வயசுப் பிள்ளை எது முழுசா நடந்து வந்துச்சு? பாதி வழியிலேயே கால் வலிக்குதுன்னு உட்கார்ந்துக்கும். வாசல் வரைக்கும் அம்மாதான் இடுப்புல தூக்கிட்டு வருவா. திங்கட்கிழமை காலையில வாசிக்கிறதுக்குச் சுருளைத் திறப்போம். பெனினாகிட்ட சொல்லு, இதைத் தூக்கிட்டு வரட்டும்."