முந்நூத்திப் பதினாலு பூனை நக்கின மாம்பழ ஐஸ்

தனுஷ்கோடி அண்ணாச்சி ஒண்ணு சொன்னாருன்னா, அதுல பாதியைக் கழிச்சு, மிச்சத்துல பாதியைத் தள்ளி, அதுக்குப் பெறவும் ஏதாவது மிஞ்சுனா நாளைக்கு நம்பிக்கிடலாம்னு தூத்துக்குடியில ஒரு பேச்சு உண்டு. ஆளு துறைமுகத்துல மூட்டை எண்ணுற வேலை பாக்காரு. அவரு வாயால சொல்லுற மூட்டை அத்தனையையும் நெசமாவே ஏத்தியிருந்தா ஒரு கப்பலும் கரையை விட்டு நகர்ந்திருக்காது. ஆனா ஒண்ணு, அடுத்தவனைக் கேலி பண்ணிப் புளுகமாட்டாரு. புளுகு பூராவும் அவரு தலையிலதான் விழும். அதனாலயே அவரு வாயைத் திறந்தா நாங்க எந்திரிச்சுப் போகமாட்டோம்.

போன ஞாயித்துக்கெழமை காலையில வேலு சலூன்ல நானும் மிக்கேலும் முறைக்கு உக்காந்திருந்தோம். மிக்கேலு லாஞ்சுல மீன் பிடிக்கப் போறவன். இப்பம் தடைக்காலம். மீன் இனம் பெருகணும்னு ரெண்டு மாசம் லாஞ்செல்லாம் கரையில கட்டிக் கெடக்கு. சந்தையில மீனும் இல்ல, அவனுக்குச் சோலியும் இல்ல.

கதவைத் தள்ளிக்கிட்டு அண்ணாச்சி வந்தாரு. சட்டை முழுக்க மஞ்சக் கறை. கன்னத்துல ஒரு கீறல். மீசை மட்டும் எப்பவும்போல ரெண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு மாதிரி நின்னுச்சு. கூடவே கவுச்சி வாடை ஒண்ணும் உள்ள வந்துது. நான் மிக்கேலைப் பாத்தேன்.

"என்னைய ஏன்வே பாக்கீரு? நான் மீனைத் தொட்டு முப்பத்தெட்டு நாளாச்சு"ன்னு மிக்கேலு சள்ளுன்னு விழுந்தான்.

அண்ணாச்சி எங்க முறையை எல்லாம் கேக்கல. நேரா நாற்காலியில ஏறி உக்காந்துட்டாரு. "எப்பா, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. பன்னிரண்டு மணிக்கு மச்சினன் குடும்பத்தோட சாப்பிட வாரான். வேலு, மீசையை ஒதுக்கி, எண்ணெய் தடவி, நல்லா முறுக்கி விடு. இன்னைக்கு இது அவன் முன்னால நிமிந்து நிக்கணும்."

வேலு துணியைப் போத்திக்கிட்டே, "என்ன விசேஷம் அண்ணாச்சி?"ன்னான்.

"பந்தயம்டே. இந்த மீசைதான் பந்தயம். இருவத்தாறு வருஷ மீசை. இன்னைக்கு அது தப்பிச்சுட்டு."

அவரு மச்சினன் லிங்கதுரை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜூஸ் கடை வச்சிருக்கான். போன வாரம் அங்க உக்காந்து இவரு வாயைக் குடுத்திருக்காரு. போன் வீடியோவுல எவளோ ஒருத்தி மாம்பழத்தைத் துண்டு போட்டு, ஃப்ரீசர்ல வச்சு, கல்லா இறுகினதும் மிக்ஸியில ஒரு ஓட்டு ஓட்டுனாளாம். பால் இல்ல, சீனி இல்ல, மாம்பழ ஐஸ் ரெடி. "இதுக்குப் போயி கடை வேற வச்சிருக்கியா? நான் வீட்டுலயே செய்வேன்"னுட்டாரு.

"அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அத்தான், நீங்க வெந்நி வச்சாலே அடிப்பிடிக்குமே'ன்னான். கடையில இருந்தவன் பூராவும் சிரிச்சான். நான் கோபப்படலடே. அவன் சொன்னது நெசந்தான். ரெண்டு தடவை அடிப்பிடிச்சிருக்கு. ஒரு தடவை ரசம் வச்சேன், கிண்டப்போன கரண்டியைக் காணும். கரைஞ்சு போச்சு. உப்புமா கிண்டுனேன். அதை வச்சுத்தான் எங்க மாடிப்படியில உடைஞ்ச மூலையைப் பூசியிருக்கோம். மூணு மழை தாங்கிட்டு. கொத்தனாரு வந்து பாத்துட்டு, 'எந்த சிமெண்டு'ன்னு கேக்கான்."

"சிமெண்டுக் கம்பெனிக்காரன் வரலியா?"ன்னேன் நான்.

"வந்தான். ரகசியத்தைச் சொல்லல."

சிரிச்சு முடிச்சதும் கண்ணாடியைப் பாத்துக்கிட்டே அண்ணாச்சி கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சாரு. "அவன் சிரிச்சது எனக்குப் பெருசு இல்ல. பக்கத்துல என் பொண்டாட்டி ரத்தினக்கனி நின்னா. அவளும் சேந்து சிரிச்சா. அது ஒரு மாதிரி ஆயிட்டுடே. அப்பம்தான் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கு வா, என் கையால மாம்பழ ஐஸ் போடுதேன், தின்னவன் எவனா இருந்தாலும் கிண்ணத்தை வழிச்சு நக்கணும், நக்கலைன்னா இந்த மீசையை எடுத்துருதேன்னு."

வேலு கத்திரியை எடுத்து ஒரு ஓரத்துல மெதுவா கத்தரிக்க ஆரம்பிச்சான். "செஞ்சுட்டியளா?"

"செஞ்சேனாவா? கேளு. நேத்து ராத்திரியே நாலு மாம்பழத்தை நறுக்கி ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வச்சுட்டேன். இன்னைக்கு ரத்தினக்கனி விடிகாலையிலயே கோயிலுக்குப் போயிட்டா. அவ இருந்தா அடுப்படிக்குள்ள விடமாட்டா. மேல இருந்த டப்பாவை எடுத்துத் திறக்கேன், உள்ள எல்லாம் பனி பூத்து, மஞ்ச மஞ்சளா தங்கக் கட்டி கணக்கா இருக்கு. ஒரு துண்டு கை தவறி விழுந்துட்டு. டைல்ஸ் ரெண்டா பொளந்துட்டு. கீழ் வீட்டுல படுத்திருந்த மனுஷன் எந்திரிச்சு உக்காந்து, 'நிலநடுக்கம்'னு பேரப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடிட்டாரு."

"உம்ம வீடே தரை வீடுதானவே! கீழ ஏது வீடு?"ன்னான் மிக்கேலு.

"அதான் சொல்லுதேன். அந்த அடியில வீடே எறங்கிட்டு. பேச விடு."

மிக்கேலு தலையில அடிச்சுக்கிட்டான். அண்ணாச்சி துணிக்குள்ள இருந்து ஒரு கையை வெளிய எடுத்து மிக்ஸியைச் சுத்திக் காட்டுனாரு.

"துண்டெல்லாம் ஜாருல போட்டேன். ஒண்ணுல வச்சேன், உறுமுச்சு. ரெண்டுல வச்சேன், தெருவுல எல்லா வீட்டு ஃபேனும் நின்னுட்டு. மூணுல வச்சேன் பாரு, மிக்ஸி மேடையை விட்டு எந்திரிச்சுட்டு! நான் மூடியை அமுக்கிப் பிடிச்சபடிக்குத் தொங்குதேன். அடுப்படியில மூணு சுத்து. வயர் எட்டலைன்னு அதுவே திரும்பிச்சு. உள்ள என்னமோ ஒண்ணு நின்னு சண்டை போடுது. கடகடன்னு சத்தம். ஜன்னல் வழியா பாத்த பக்கத்து வீட்டுக்காரி, அண்ணாச்சி மோட்டார் சைக்கிள் வாங்கிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டா."

"மாம்பழத்துல கடகடன்னு சத்தம் போட என்னவே இருக்கு?"

"நாரு மிக்கேலு, நாரு. நடுவுல நடுவுல வெள்ளையா, கெட்டியா இருந்துச்சு. நல்ல சாதி மாம்பழத்துக்கு அப்படித்தான்."

மிக்கேலு கண்ணைச் சுருக்கி அவரையே பாத்தான்.

"ஒரு நிமிஷத்துல அடங்கிட்டு. மூடியைத் திறந்தேன். அதுல இருந்து கெளம்புச்சு பாரு குளிரு! வெளிய அக்கினி நட்சத்திர வெயிலு, ரோட்டுல தாரு உருகுது. எங்க தெருவுல மட்டும் பனி எறங்குது. இந்த மீசையில ஐஸ் கட்டிட்டு, தட்டுனா டிங்குன்னு சத்தம். எதிர்வீட்டு ஆச்சி காயப்போட்ட வத்தலு பூராவும் வெறச்சுப் போச்சு. கம்பியில இருந்த காக்கா வாயைத் திறக்கு, சத்தம் வரல. சத்தம் உறைஞ்சு போச்சுடே! மத்தியானம் வெயிலு ஏறினதும் தொப்பு தொப்புன்னு கா கா கான்னு விழும் பாரு."

வேலுவே சிரிப்பை அடக்க முடியாம கத்திரியைத் தள்ளிப் பிடிச்சான். "ருசி எப்படி அண்ணாச்சி?"

"நான் பாக்கலியே. எனக்கு சுகரு முந்நூத்தி இருவது. டாக்டரு மாம்பழத்தைக் கனவுல பாத்தாக்கூட மாத்திரையைக் கூட்டுதாரு."

"மணமாவது தெரியுமே?"ன்னு கேட்டேன்.

"இது முப்பது வருஷம் பொடி போட்ட மூக்கு. இதுக்குச் சந்தனமும் சாக்கடையும் ஒண்ணுதான். ஆனா நான் ருசி பாக்கலைன்னா என்ன, சாட்சி இருக்கு. கிண்ணத்துல வழிச்சு வச்சேன், மழமழன்னு மஞ்சளா, கரண்டியை நட்டா நிக்கி. திரும்புதேன், ஜன்னல்ல ஒரு பூனை."

மிக்கேலு நாற்காலி நுனிக்கு வந்துட்டான். "பூனையா?"

"ஒண்ணுன்னா ஒண்ணா? கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள ஏழு. பெறவு நாப்பது. ஓட்டு மேல, கொடிக்கயித்து மேல, தண்ணித் தொட்டி மேல. மார்க்கெட்டுப் பூனை, லாஞ்சுப் பூனை, துறைமுகத்துப் பூனை. திருச்செந்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்ததுவ மட்டும் பதினெட்டு. டிக்கெட்டைப் பத்திக் கேக்காத, கண்டக்டரே எறங்கி வழி விட்டிருக்காரு. நங்கூரம் போட்டுக் கெடக்க வெளிநாட்டுக் கப்பல்ல இருந்து ஒண்ணு வந்துச்சு. அது மியாவ்ங்கலை, வேற என்னமோ பாஷையில கேட்டுச்சு. எண்ணுனேன். எண்ணுததுதானே என் தொழிலு. முந்நூத்திப் பதினாலு."

"முந்நூத்திப் பதினஞ்சு இல்லியே?"ன்னேன்.

"பதினஞ்சாவது பக்கத்துத் தெருவுக்குச் சேந்தது. பாவம், எடமில்லாம திரும்பிட்டு. நான் கிண்ணத்தைத் தூக்கிப் பிடிச்சேன். ஒரு கடுவன் பூனை பாஞ்சு கன்னத்துல ஒரு கீறு போட்டுச்சு. இந்தா பாரு. கிண்ணம் கீழ விழுந்துட்டு. அவ்வளவுதான், முந்நூத்திப் பதினாலும் வரிசையில நின்னு, சண்டை இல்ல, சச்சரவு இல்ல, ஆளுக்கு ஒரு நக்கு. எல்லாம் முடிஞ்சதும் கிண்ணத்தைப் பாத்தேன், என் மொகம் தெரியுது. கடைசிப் பூனை என் காலுல தலையை முட்டிட்டுப் போச்சு. என் வாழ்க்கையில என் சமையலைத் தின்னுட்டு நன்றி சொன்ன மொத ஜீவன்டே அது. கண்ணுல தண்ணி வந்துட்டு எனக்கு. சிரிக்காதிய, நெசமாத்தான் சொல்லுதேன்."

அதைச் சொல்லும்போது அவரு கண்ணு நெசமாவே கலங்கித்தான் இருந்துச்சு. எனக்கே பாவமாப் போச்சு.

"இப்பம் நீங்களே சொல்லுங்க"ன்னு எங்க பக்கம் திரும்புனாரு. "தின்னவன் எவனா இருந்தாலும் நக்கணும்னுதான் பந்தயம். மனுஷன்தான் திங்கணும்னு நான் சொன்னேனா? நக்குனதா இல்லியா? மீசை எனக்குத்தானே?"

மிக்கேலு எந்திரிச்சு அவரு பக்கத்துல போனான். சட்டைக் காலரைக் குனிஞ்சு மோந்து பாத்தான். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லும். பூனை மாம்பழம் திங்குமாவே? அதுவும் தடைக்காலத்துல, ஒரு மாசத்துக்கு மேல மீன் வாடையே இல்லாமக் காஞ்சு கெடக்க பூனை, மாம்பழத்துக்கா ஓடி வரும்?"

"என் மாம்பழம் அப்படி"ன்னாரு அண்ணாச்சி. ஆனா கொரலு கொஞ்சம் எறங்கிட்டு.

அந்த நேரம் பாத்து கண்ணாடி முன்னால இருந்த அவரு போன் அடிச்சுது. துணிக்குள்ள கை. "வேலு, அதை அமுக்கு"ன்னாரு. வேலு ஸ்பீக்கர்ல போட்டான்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"ன்னு ரத்தினக்கனி அக்கா கொரலு.

"சலூன்ல. என்னட்டி?"

"ஃப்ரீசர்ல மேல ஒரு டப்பாவுல சீலா மீனு வச்சிருந்தேனே, எங்க?"

வேலு கத்திரி அந்தரத்துல நின்னுச்சு.

"மேல... என் மாம்பழ டப்பால்லா இருந்துச்சு?"

"உங்க டப்பாவை ராத்திரியே கீழ வச்சாச்சு. அது அப்படியே இருக்கு. மேல இருந்தது மீனு. கெட்டுப் போகக்கூடாதுன்னு மஞ்சளும் உப்பும் தடவி வச்சிருந்தேன். இந்தத் தடைக்காலத்துல ஒரு கிலோ சீலாவுக்கு மூணு நாளு மார்க்கெட்டுல தவம் கெடந்தேன், தம்பிக்கு மீன் கொழம்புன்னா உயிருன்னு. அடுப்படியில மிக்ஸி ஜாரு கெடக்கு. உள்ள முள்ளு முள்ளா இருக்கு. என்னங்க பண்ணுனீங்க?"

அண்ணாச்சி வாயைத் திறந்தாரு. எங்க ஊரு சரித்திரத்துலயே மொதல் தடவையா, அதுல இருந்து ஒண்ணும் வரல.

"புளி கரைச்சு, மசாலா அரைச்சு வச்சுட்டேன். தம்பி கெளம்பிட்டானாம். என்ன செய்வீங்களோ தெரியாது, மீனோட வந்தா வாங்க. இல்லைன்னா அந்த மீசையைத் தூக்கிக்கிட்டு வாசப்படி ஏறிராதீங்க." போன் கட்டாயிட்டு.

மிக்கேலு வாயைப் பொத்திக்கிட்டு சுவரைப் பாத்துத் திரும்பிட்டான். தோளு மட்டும் குலுங்குது. ஊரு முழுக்கத் தேடுனாலும் இன்னைக்கு மீன் கிடைக்காதுன்னு எங்க மூணு பேருக்குமே தெரியும். அண்ணாச்சிக்கு எங்களைவிட நல்லாத் தெரியும்.

அவரு கண்ணாடியில மீசையைப் பாத்தாரு. பெறவு செருமிக்கிட்டு, "எது எப்படியோ, மீனை ஐஸ்கிரீமாக்குன ஆளு உலகத்துலயே நான் ஒருத்தன்தான்"ன்னாரு.

"பந்தயம் பழத்துக்குல்லா அண்ணாச்சி"ன்னான் வேலு. மரியாதையாத்தான் சொன்னான்.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டு, தலையைப் பின்னால சாச்சுக் கண்ணை மூடிக்கிட்டாரு. "சரி, கத்தியை எடு. சுத்தமா எடுத்துரு."

"தோத்துட்டேன்னு ஒத்துக்கிடுதியளா?"

"பந்தயத்தை எவன்டே நெனச்சான்? மீசை இல்லாமப் போனா, எவனோ வெளியாளுன்னு நெனச்சு ரத்தினக்கனி ஒரு வாய் சோறாவது போடுவால்லா?"