வெள்ளிக்கிழமைக் குளியல்

தாடியும் கமண்டலமும் இருந்தால்தான் குரு என்று யார் சொன்னது? அருப்புக்கோட்டையில் கார் பட்டறை வைத்திருந்த பேச்சித்தாய்க்கு வயது முப்பத்து நாலு. அவளிடம் தொழில் படித்த ராமசுப்புவுக்கு நாற்பத்தேழு. மில்லை மூடியதும் வந்து சேர்ந்தவர்.

அன்று காலை எட்டு மணி. பிரேக் வேலைக்கு விட்டிருந்த பழைய காரை எடுக்க சங்கிலிவேல் மகள் தமயந்தியோடு வந்தார். அவளுக்கு மதுரையில் நர்ஸ் வேலைக்கான தேர்வு. ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வழியில் ஒரு மணி நேரம் ஆகும்.

சாவியைத் திருப்பினார். இஞ்சின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமையாயிற்றே என்று விடியலில் வண்டியைக் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைத்தவர் ராமசுப்புதான். அதோடு நின்றாரா மனுஷன்? பானெட்டைத் திறந்து இஞ்சினுக்கும் ஒரு வாளி ஊற்றி, துணியால் துடைத்து, சத்தமில்லாமல் மூடிவிட்டார். இஞ்சினில் தண்ணீர் பட்டால் வேலையை விட்டு வீட்டுக்குப் போங்கள் என்று போன மாதம்தான் பேச்சித்தாய் சொல்லியிருந்தாள்.

"ராத்திரி ஓட்டிப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் பேச்சித்தாய். "அதுக்கப்புறம் ஏதாவது நடந்துச்சாண்ணே?"

"ஒண்ணும் நடக்கலை, மேஸ்திரியம்மா."

பெட்ரோல் வந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். மங்கலாக ஒரு பொறி, அப்புறம் அதுவும் இல்லை.

"அப்போ பொறிக்குக் கரண்ட் ஏத்துற காயில்தான் போயிருக்கணும்."

அலமாரியில் கிடந்த பழைய காயிலைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் எட்டே கால் ஆகிவிட்டது. சாவியைத் திருப்பினாள். பிடிக்கவில்லை.

"பஸ்ல போயிரலாமாப்பா?" என்றாள் தமயந்தி.

"இனிமே பஸ்ல போனா பத்தேகாலாயிரும் தாயி."

பட்டறையில் இருந்த மற்ற இரண்டு கார்களும் சக்கரம் கழன்று கிடந்தன. தமயந்தி ஹால்டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ஓசையில்லாமல் அழுதாள். இரண்டு வருஷப் படிப்பு. ராமசுப்பு அந்தப் பக்கம் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த ஸ்பேனரையே மறுபடியும் துடைத்தார்.

எட்டு இருபது. மறுபடி திருப்பினாள். இந்த முறை இஞ்சின் சுற்றவே திணறியது.

"பேட்டரி இறங்குது. இன்னும் ரெண்டு தடவைதான் தாங்கும்," என்றாள் பேச்சித்தாய். அவள் நெற்றியில் வேர்த்திருந்தது. "வேற என்னவா இருக்கும்? எனக்கே புரியலையே!"

அவள் அப்படிச் சொல்லி ராமசுப்பு கேட்டதே இல்லை.

"கழுவினேன்," என்றார். "விடியக்காலைல இஞ்சினைக் கழுவினேன், மேஸ்திரியம்மா."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு பிளக்குக்கும் பொறியைப் பங்கு வைக்கிற கறுப்பு மூடியைப் பட்டென்று கழற்றினாள். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். சேலைத் தலைப்பால் ஒற்றி, ஊதி, பழையபடி மாட்டினாள்.

சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பார்த்துப் போங்கண்ணே!" என்று அவள் கத்தி முடிப்பதற்குள் கார் ரோட்டில் ஏறிவிட்டது.

ஒன்பது இருபத்தெட்டுக்குச் சங்கிலிவேல் போன் பண்ணினார். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டார்கள்.

ராமசுப்புவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீ வாங்கி வந்து நீட்டினார். பயம் விட்டதும் வாய் சும்மா இருக்குமா?

"ஒரு சந்தேகம், மேஸ்திரியம்மா. பொறி இல்லைன்னதுமே மொதல்ல அந்த மூடியைத் திறந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே? பிள்ளை அழுதிருக்காதே?"

பேச்சித்தாய் டீயை வாங்கிக்கொண்டாள்.

"மூடி போன வாரம் மாட்டின புதுசு. தண்ணி பட்டாத்தான் அதுல கோளாறு வரும். ஒண்ணும் நடக்கலைன்னு நீங்க சொன்னீங்க. நம்புனேன்ணே."