கத்தாளையின் காதில் கல்

மீன்களுக்கெல்லாம் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கரையில் நின்று தூண்டில் போட்டால் காது புளித்துப்போகும். மாட்டிய மீன் சும்மா வருமா? மடவை கெஞ்சும். கெளுத்தி வண்டை வண்டையாகத் திட்டும். கத்தாளை மட்டும் சொந்தப் பேச்சு பேசாது. கடலடியில் கிடந்து, மூழ்கிப்போனவர்கள் அங்கே பேசுவதைக் கேட்டு, அதே குரலில் அப்படியே சொல்லும்.

கன்னியப்பன் கடலோடு போய், உடம்பும் கிடைக்காத மாசத்தில், அவன் மனைவி பூங்காவனத்தின் தூண்டிலில் ஒரு கத்தாளை மாட்டியது.

"பூங்காவனம், கஞ்சி குடிச்சியா?" என்றது. கன்னியப்பன் குரலேதான்.

அதற்கப்புறம் அவளை யார் பிடித்து நிறுத்துவது? வெளியே எடுத்தால் செத்துவிடும் என்று, மீனைத் தண்ணீரிலேயே வைத்து, குனிந்து பேசிவிட்டு, முள்ளைக் கழற்றி விட்டுவிடுவாள். சாயங்காலம் தோறும் இதுதான். குரல் சரியாகக் கேட்கவில்லை என்று நாளுக்கொரு பாறை கீழே இறங்கினாள். தங்கை தேசம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கன்னியப்பன் மாமாவின் குரலைக் காட்டி அக்காவையும் இழுக்கப் பார்ப்பது கடல்தான் என்று முடிவுகட்டினாள்.

ஒருநாள் அக்காவை முந்திக்கொண்டு போய், பாறை இடுக்கில் இறால் துண்டைப் போட்டாள். கத்தாளை வந்தது.

"தேசம்மாவா? நல்லவேளை, நீயாவது வந்தியே" என்றது மாமாவின் குரல்.

அவள் மீனை எட்டிப் பிடித்தாள். மடியில் கொண்டுவந்த வெள்ளைக் கல்லை அதன் காதில் திணித்தாள். மறு காதிலும் இன்னொன்றைத் திணித்தாள். முன்பே கேட்டு வைத்திருந்த பேச்சு மட்டும் மீனின் வாயில் மிச்சம் இருந்தது.

"உங்க அக்காவ வூட்டுக்கு இட்டுனு போ. அவ நிக்கற கல்லு இன்னிக்கி பொரளப் போவுது."

பிறகு வெறும் முனகல். பாவி, என்ன காரியம் செய்துவிட்டாள்! நகத்தால் தோண்டித் தோண்டிப் பார்த்தாள். கல் தலைக்குள் போய்விட்டிருந்தது.

பூங்காவனம் வந்தாள். "இன்னிக்கி என்னாடி சொன்னாரு?"

"வூட்டுக்குப் போவச் சொன்னாருக்கா. கல்லு பொரளுமாம்."

பூங்காவனம் மீனை வாங்கிக் காதோடு வைத்தாள். அது முனகியது.

"பொய் சொல்றடி. இன்னும் கிட்ட வரச் சொல்றாரு" என்று கீழ்க்கல்லில் கால் வைத்தாள். கல் புரண்டது. தேசம்மா நீட்டிய கைக்கு அவள் எட்டவில்லை.

கத்தாளையின் தலைக்குள் இரண்டு வெள்ளைக் கல் இருப்பதும், வெளியே இழுத்தால் அது முனகுவதும் அன்று வந்ததுதான். பாறையில் தூண்டில் போடுகிறவர்கள் அந்த முனகலைக் கேட்டதும், "வூட்டுக்குப் போவச் சொல்லுது" என்று தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காதோடு வைத்துக் கேட்டுப் பார்க்க மட்டும் ஒருவரும் துணிவதில்லை.