பதினாறு மீட்டர்

“இல்லாத ஆளைப் பாக்குற கண்ணை எப்படிச் சரி பண்றது டீச்சர்?”

கேட்டவர் காசிராஜன். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தேழு வருடம் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்தியவர். புதுக் கார்களின் கோளாறு எதுவும் காதுக்குப் பிடிபடவில்லை என்று, கம்பம் ஊரில் அல்போன்சா நடத்திய மெக்கானிக் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்திருந்தார். டீச்சருக்கு வயது முப்பத்தாறு.

“எந்த வண்டி அண்ணே?”

“தோட்ட மேனேஜர் தர்மலிங்கம் சாரோட வண்டி. எதிர்ல ஆள் வந்தா தானா பிரேக் பிடிக்கிற வண்டி. மலையில பதினோராவது வளைவு தாண்டினதும் பிடிச்சிடுது. ஆளே இல்லாம. தினமும், அதே எடத்துல.”

“அவரு என்ன சொன்னாரு?”

காசிராஜன் புகார் அட்டையைப் படித்தார். “ரோட்டில் யாரும் இல்லை. பின்னால் வந்த ஜீப் இடிக்கப் பார்த்தது. இந்த வசதியை எடுத்துவிடவும்.”

“இது அவரு எழுதினது. சொன்னது என்ன?”

அது காசிராஜனுக்குத் தெரியாது. கேட்டிருந்தால்தானே.

“வண்டியைக் கேட்டாப் போதும் டீச்சர். மனுசன் பொய் சொல்வான்.”

அல்போன்சா, வண்டியின் கணினிப் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

வண்டி சொன்னது. நாற்பத்து மூன்று பதிவுகள். ஒவ்வொன்றிலும் ஒரே வரி.

ஆள். எதிரில். பதினாறு மீட்டர்.

காசிராஜன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கேமராவைத் துடைத்தார். மலைக்கு ஓட்டிப் போனார். வண்டி நின்றது.

கேமராவையே மாற்றினார். நின்றது.

பம்பருக்குள் இருந்த ரேடாரை மாற்றினார். அன்றைக்கும் நின்றது. உச்சி வெயில். ரோடு வெறிச்சென்று கிடந்தது.

“பயிற்சி வண்டியை எடுங்க,” என்றார் அல்போன்சா. அது வேறு கம்பெனி வண்டி. அந்த மலைக்கு ஒரு நாளும் போனதில்லை.

இருவரும் போனார்கள். பதினோராவது வளைவைத் தாண்டினார்கள். காசிராஜனின் கால் பிரேக்கின் பக்கமே போகவில்லை. வண்டி முன்னால் குனிந்து நின்றது.

மடியில் இருந்த ஸ்கேனரைப் பார்த்தார். பதினாறு மீட்டர்.

அல்போன்சா கதவைத் திறந்து இறங்கினார். ரோட்டில் நடந்தார். ஓரிடத்தில் நின்று, வண்டியின் பக்கம் திரும்பினார்.

“இப்ப எவ்வளவு காட்டுது?”

“பதினாறு டீச்சர்.”

அவர் திரும்பி நடந்து வந்தார். திரையில் எண் குறைந்துகொண்டே வந்தது. பன்னிரண்டு. ஏழு. மூன்று. அவர் ஏறிக் கதவைச் சாத்தினார்.

திரை மறுபடி பதினாறு காட்டியது.

காசிராஜன் ஸ்கேனரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்.

“கிளம்புவோம்,” என்றார் அல்போன்சா.

கூடத்துக்கு வந்ததும் காசிராஜன் சொன்னார், “நமக்கு எதுக்கு டீச்சர் இதெல்லாம். எடுக்கச் சொல்லிட்டாரு. எடுத்துக் குடுத்துருவோம்.”

“எடுங்க. ஓட்டிப் பாத்துட்டுக் குடுங்க.”

மறுநாள் காலை காசிராஜன், தர்மலிங்கத்தின் வண்டியில் அந்த வசதியை நிறுத்தினார். ஸ்கேனரில் இரண்டே பொத்தான். இருவரும் மலை ஏறினார்கள். ஒன்பதாவது வளைவு. பத்து. பதினொன்று.

வண்டி நின்றது.

“யாரு பிடிச்சது அண்ணே?”

காசிராஜன் கீழே குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

“நான்தான்.”

“ஆள் இருந்துச்சா?”

“இல்ல.”

“பின்ன?”

“தெரியல டீச்சர்.”

காலை எடுக்க முயன்றார். எடுக்க முடிந்தது. ஆனால் உடனே எடுக்கத் தோன்றவில்லை.

பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. ஒதுங்கி, அவர்களைத் தாண்டிப் போனது. அதன் டிரைவர் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். சற்றுத் தூரத்தில், ஒரு விநாடி, ஜீப்பின் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அவன் பேச்சை நிறுத்தவில்லை.

“இனிமேலாவது அவரைக் கேளுங்க,” என்றார் அல்போன்சா.

சாயங்காலம் தர்மலிங்கம் வண்டி எடுக்க வந்தார். அறுபதை நெருங்கியவர். இஸ்திரி போட்ட சட்டை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்,” என்றார் காசிராஜன். “இதுக்கு முன்னாடி என்ன வண்டி வெச்சிருந்தீங்க?”

“ஒரு ஜீப்பு. அதுக்கு முந்தி ஒரு பழைய காரு.”

“அதுலயெல்லாம் இந்த மாதிரி கண்ணு கிடையாதே.”

“கிடையாது.”

“அந்த எடத்துல அதெல்லாம் எப்படிப் போச்சு?”

தர்மலிங்கம் சாவிக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். வாசலைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“போகாது. நின்னுரும்.”

“எப்படி சார்?”

“நான்தான் பிடிப்பேன். பத்தொம்பது வருசமா. யாரும் இருக்க மாட்டாங்க. ஆனா பிடிச்சிருவேன்.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“மதுரையில ஒரு டாக்டர்கிட்ட சொன்னேன். மனசுல இருக்கிற பயம்னாரு. மாத்திரை குடுத்தாரு. ராத்திரி ஒண்ணு. இன்னைக்கு வரைக்கும் போடுறேன்.”

அவர் குரல் தாழ்ந்தது.

“இந்த வண்டி வாங்கின மொத நாளு, அந்த வளைவு வந்ததும் காலை மடக்கி சீட்டுக்கடியில வெச்சுக்கிட்டேன். இன்னைக்கு நிக்கவே கூடாதுன்னு. அப்பவும் நின்னுச்சு.”



“எடுத்துட்டா மட்டும் என்ன ஆகப் போகுது சார்?” என்றார் காசிராஜன். “பழையபடி நீங்கதான பிடிப்பீங்க.”

“பிடிச்சிட்டுப் போறேன். எனக்கு மட்டும்தான்னா மாத்திரை இருக்கு. வண்டிக்கும் தெரிஞ்சா என்ன இருக்கு?”

சாவிக்காக மறுபடி கையை நீட்டினார்.

சாவி காசிராஜனின் உள்ளங்கையில் இருந்தது. அவர் டீச்சரைப் பார்த்தார்.

அல்போன்சா ஸ்கேனரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“உங்க காலும் பிடிச்சதைச் சொல்லிருங்க அண்ணே,” என்றார்.